நான்காவது பத்தி

எனக்கு ஒன்பது விளக்கும் எரியும். எழுத்து, எண், பணம், உடல்நலம், சட்டம், கணினி, செய்தி, இயந்திரம், ஆபத்து என்று அரசாங்கம் பிரித்து வைத்திருக்கும் ஒன்பது அறிவிலும் நான் தேறியவள். அடையாள அட்டையின் பின்பக்கம் ஒன்பது பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். மாவட்டத்தில் அப்படி அட்டை வைத்திருப்பவர்கள் இருநூறு பேர் தேறமாட்டார்கள். பேருந்தில் டிக்கெட் எடுக்கும்போதுகூட அட்டையைத் திருப்பித்தான் நீட்டுவேன், கண்டக்டர் பார்க்கட்டும் என்று. இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

என் பெயர் செண்பகவல்லி. தூத்துக்குடியில் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினாறு வருடம் டீச்சராக இருந்தேன். புரிதல் உறுதிச் சட்டம் வந்ததும் மதிப்பீட்டாளர் வேலைக்கு மாறினேன். சட்டம் நிறைவேறிய அன்று செய்தி கேட்டுவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். என்ன தாள் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டு வீட்டைப் பறிகொடுத்தவர் என் அப்பா. ‘படித்துக் காட்டினோம், ஒப்புக்கொண்டார்’ என்று எதிராளி சொன்னதை நீதிமன்றமும் நம்பிவிட்டது. இனி அது நடக்காது. எந்தத் தாளாக இருந்தாலும், அது சொல்வது புரிந்திருந்தால்தான் கையெழுத்து செல்லும். புரிந்ததா இல்லையா என்று மனிதர்கள் சொல்ல வேண்டியதில்லை, கருவி சொல்லும்.

கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் தெளிமானி. இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை, நெற்றியில் கட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் கடுகளவு விளக்கு. உப்பளத்துப் பெண்கள் முதல் நாளே அதற்கு நெத்திச்சுட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குக் கட்டியதோடு சரி, இப்போது அரசாங்கம் கட்டிவிடுகிறது என்று சிரித்தார்கள். பிறகு அதிகாரிகளும் சுட்டி என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

முத்துப்பேச்சியை அப்படி ஒரு முகாமில்தான் பார்த்தேன். உப்பளக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த சத்துணவுக் கூடத்தில் மேசை போட்டிருந்தோம். முப்பத்தைந்து வயது இருக்கும். சுட்டியைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“இது மண்டைக்குள்ள போயி பாக்குமா டீச்சர்?”

நான் பள்ளியை விட்டு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் அந்தப் பக்கத்தில் நான் டீச்சர்தான்.

“உள்ள எல்லாம் போகாது பேச்சி. ஒரு விஷயம் புரியுற வரைக்கும் மனசு அங்க இங்க அலையும்ல? புரிஞ்சதும் அடங்கிரும். அந்த அடங்குறத இது பிடிச்சுக்கும். அலைஞ்சா சிவப்பு, அடங்குனா பச்சை.”

“பச்ச வரலைன்னா?”

“மூணு தடவை பாக்கலாம். அப்பவும் வரலைன்னா உனக்குப் பதிலா காப்பாளர் கையெழுத்துப் போடுவாங்க.”

“யாரு அது?”

“புருஷன் இருந்தா புருஷன். அவர் இல்லைன்னா, அவர் கடைசியா வேலை பார்த்த இடத்துல நல அலுவலர்னு ஒருத்தர் இருப்பார். அவர்.”

“கெட்டுது போங்க,” என்றாள் முத்துப்பேச்சி. “எனக்கு எப்பிடியாச்சும் சட்டத்துல ஒரு பச்ச வாங்கிக் குடுத்துருங்க.”

வாங்கிக் கொடுத்தேன். அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. எங்கள் தொழிலில் அதற்கு முன்கதை என்று பெயர். சுட்டியைக் கட்டுவதற்கு முன்பே, வரப்போகும் பாடத்தை அவர்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்துக் கதைபோலச் சொல்லிவிடுவது. விதிப்படி கூடாது. ஆனால் முன்கதை சொல்லாத மதிப்பீட்டாளர் ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பாடங்கள் எழுதப்பட்ட தமிழ் அப்படி, எழுதியவரைப் பெற்ற தாய்க்கே புரியாது. இரண்டாவதாக ஒன்றும் செய்வோம். ஒவ்வொரு பாடமும் நான்கு பத்தி இருக்கும். இரண்டாவது பத்தி முடிவதற்குள் பச்சை வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவோம். முகாம் நாளில் நாற்பது பேரைப் பார்க்க வேண்டும். வந்த பச்சையை மூன்றாவது பத்தி கெடுத்துவிடும் என்ற பயம் வேறு.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அது என்னுடைய கண்டுபிடிப்பு. கேள்வி கேட்பவர்களுக்குச் சிவப்பு வருவதைக் கவனித்திருந்தேன். நல்ல விவரமான ஆட்கள், ஏன் எப்படி என்று கேட்பவர்கள், விளக்கு மாற நேரமாகும். ஒன்றும் கேட்காமல் தலையாட்டுகிறவர்களுக்குச் சட்டென்று பச்சை. அதனால் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பேன், “மனசுல கேள்வி வந்தா அடக்கிக்கிருங்க. கேள்வி கேக்காதீங்க, விளக்கு எரியட்டும்.” ஆறு வருடத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். பதினாறு வருடம் வகுப்பறையில் நின்றவள் வாயிலிருந்து வந்த வார்த்தை இது.

முத்துப்பேச்சிக்கு அடுத்து அவள் கணவர் சுடலைக்கண்ணு வந்தார். உப்பு வாரிக் காய்த்த கைகள், பாதம் முழுவதும் வெடிப்பு. உப்பளத்தை விட்டுவிட்டு அந்த மாதம்தான் புதிய பேட்டரி ஆலையில் சேர்ந்திருந்தார். பழைய வண்டிகளின் பேட்டரிகளை உடைத்துக் கழுவிப் பிரிக்கும் ஆலை அது. கழுவிய நீர் போய்ச் சேரும் ஒரு ஆழமான குழி உண்டு. அதில் இறங்கிச் சகதி அள்ளுவதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. ஆபத்து அறிவில் பச்சை வாங்காமல் இறங்க முடியாது.

பாடத்தை எடுத்துப் பார்த்தேன். ‘வளிமண்டலக் காற்றைவிட அடர்த்தி மிகுந்த வாயுக்கள் தாழ்நிலைக் கட்டமைப்புகளில் தங்கும் இயல்புடையன’ என்று ஆரம்பித்தது. சிரித்துக்கொண்டே தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“அண்ணாச்சி, உப்புப் பாத்தியில தண்ணி கட்டுனா எங்க நிக்கும்?”

“பள்ளத்துலதான் நிக்கும். பொறவு மேட்டுலயா நிக்கும்?”

“அதே மாதிரி ஒரு கெட்ட காத்து இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, வாடையும் கிடையாது. தண்ணி மாதிரியே பள்ளத்துல போய்த் தேங்கி நிக்கும். அது நிக்கும்போது எறங்குனா மூச்சு நின்னுரும்.”

அவர் முகம் தெளிந்தது. இத்தனை வருடத்தில் நான் சொன்ன முன்கதைகளில் அதுதான் சிறந்தது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். சுட்டியைக் கட்டினேன். முதல் பத்தியை வாசித்தேன். விளக்கு சிவப்பும் பச்சையுமாகத் துடித்தது.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு,” என்றார் சுடலைக்கண்ணு. “அந்தக் காத்து எத்தன நேரம் தங்கும்?”

விளக்கு சிவப்பில் நின்றது. கூடத்துக்கு வெளியே இன்னும் இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அண்ணாச்சி. இப்பக் கேள்வி வேண்டாம். விளக்கு எரியட்டும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். இரண்டாவது பத்தியின் நடுவிலேயே பச்சை வந்தது. வாசிப்பதை நிறுத்திச் சான்றிதழை அச்சடித்தேன். வெளியே போய் மனைவியிடம் அட்டையைக் காட்டி, “பாத்தியா, எனக்கும் ஒண்ணு,” என்று அவர் சொன்னது கேட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்குச் சுடலைக்கண்ணு குழியில் இறங்கினார். மேலே வரவில்லை.

*

செய்தியைப் படித்தபோது எனக்குப் பெயர் ஞாபகம் வரவில்லை. ஆறாயிரம் பெயர்களில் ஒன்று. பத்து நாள் கழித்து முத்துப்பேச்சி என் வீட்டுக்கு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவளை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஆலைக்காரங்க ஒரு தாள் குடுத்துருக்காங்க டீச்சர். எங்க வீட்டுக்காரவியளுக்கு ஆபத்து அறிவு இருக்காம், தெரிஞ்சேதான் எறங்குனாவளாம். பதினாலாவது பிரிவாம். தப்பு அவிய மேலயாம்.”

எனக்குத் தெரியும். சட்டத்தின் மறுபக்கம் அது. புரிந்தவர் விளைவுக்குப் பொறுப்பு. ஒரு ஆபத்து புரிந்தது என்று பச்சை வாங்கியவருக்கு, அதே ஆபத்தால் எது வந்தாலும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. படித்தபோது நியாயமாகத்தான் பட்டது எனக்கு. வளர்ந்த மனிதர்களைக் குழந்தைகளாக நடத்தக்கூடாது என்று கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன்.

“மனு போட்டுருக்கேன்,” என்றாள். “நானே போட்டேன். நீங்க வாங்கிக் குடுத்த சட்டப் பச்ச இருக்குல்ல? காப்பாளர் எவனும் தேவையில்லன்னு சொல்லிட்டாங்க. அவிய மேல தப்பு இல்லன்னு எழுதணும். அந்தக் குழிக்கு ஒரு கரண்டு காத்தாடி போடணும், போடுத வரைக்கும் மூடி வைக்கணும். இப்போதைக்கு வெசாரணை முடியட்டும்னு சீல் வச்சிருக்காங்க. தொறந்தா அடுத்து எறங்கப் போறது என் தம்பி.”

“உன் தம்பியா? அத்தான் செத்த குழியிலயா?”

“அவன் பயப்படல டீச்சர். அவிய சொல்லிக் குடுத்த பாடம் அப்பிடி.”

“என்ன பாடம்?”

“மத்தியானம்தான் எறங்கணும்னு சொல்லுவாவ. காலம்பற பள்ளத்துல காத்து தேங்கி நிக்கும், வெயிலு ஏறுனா பாத்தித் தண்ணி மாதிரி வத்திரும்னுவாவ. அதுக்காவவே ஷிஃப்ட மாத்திக் கேட்டு வாங்குனாவ. ‘ஊரே வெயிலுக்கு ஒதுங்குது, நீ உச்சி வெயில்ல எறங்குதியே’ன்னு கூட வேல பாக்குறவுக கேலி பண்ணுவாங்களாம். ‘ஏல, டீச்சரே சொல்லிட்டாவ, அது தண்ணி மாதிரி’ம்பாவளாம். இப்ப எல்லாருமே மத்தியானந்தான்.”

ஈரத் துணி என் கையிலேயே இருந்தது.

“அன்னைக்கு மேகமா இருந்துச்சாம். வெயிலே இல்லையாம். அதான் வத்தலன்னு சொல்லுதான் என் தம்பி. வெயில் நாளாப் பாத்து எறங்குனா ஒண்ணும் ஆவாதாம்.”

அவள் இதைச் சொல்லும்போது அழவில்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. என் கதையை எனக்கே திருப்பிச் சொல்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. சுடலைக்கண்ணுக்கு முழுவதும் புரிந்திருந்தது. நான் சொன்ன கதை, கடைசிச் சொட்டு வரை புரிந்திருந்தது. நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு, இருபது வருடம் உப்பளத்தில் கற்றதை வைத்து அவரே பதில் கண்டுபிடித்துக்கொண்டார். பதில் கிடைத்ததும் மனம் அடங்கியிருக்கிறது. அடங்கினால் பச்சை. அடங்கியது சரியான இடத்திலா, தவறான இடத்திலா என்று சுட்டிக்குத் தெரியாது.

முத்துப்பேச்சி போன பிறகு அந்தப் பாடத்தைத் தேடி எடுத்தேன். நான்காவது பத்தியில் இருந்தது: ‘இவ்வாயு வெப்பத்தாலோ காலப்போக்கிலோ அகலாது; காற்றோட்டக் கருவி கொண்டு வெளியேற்றினாலன்றி நீங்காது.’ இரண்டே வரி. இத்தனை வருடத்தில் அந்தப் பத்தியை நான் யாருக்கும் வாசித்ததில்லை.

அன்றே அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம், அங்கே சொன்னால்தானே செல்லும் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பயம்.

*

விசாரணை வெள்ளிக்கிழமை. மன்றம் என்றாலும் ஒரு பெரிய அறைதான், மேலே மூன்று மின்விசிறி. விசாரணை அலுவலர் கருணாகரன் ஓய்வுபெறும் வயதில் இருந்தார். ஆலையின் சார்பில் அதன் நல அலுவலர் ரெஜினால்ட் வந்திருந்தார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். இறந்த வீட்டுக்கு முதலில் மாலையோடு போவது அவர்தான். முத்துப்பேச்சி தனியாக ஒரு நாற்காலியில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அங்கே கொடுக்கும் எந்த வாக்குமூலமும் சுட்டி கட்டித்தான். சொன்னதைத் தட்டச்சு செய்து கொடுப்பார்கள். சொன்னவர் சுட்டியோடு வாசிக்க வேண்டும். பச்சை வந்தால்தான் அது சாட்சியம். மூன்று வாய்ப்பு.

ரெஜினால்ட் முதலில் வாசித்தார். குழி ஓரத்தில் அறிவிப்புப் பலகை இருந்தது, பணியாளர் அதைப் புரிந்துகொண்டிருந்தார், ஆலை செய்ய வேண்டியது அனைத்தையும் செய்திருந்தது. முதல் வரி முடிவதற்குள் அவர் நெற்றியில் பச்சை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முன்கதை சொன்னதை, இரண்டாம் பத்தியோடு நிறுத்தியதை, அவர் ஒரு கேள்வி கேட்டதை, நான் அதை அடக்கியதை. முத்துப்பேச்சி பக்கம் திரும்பாமலே சொன்னேன்.

கருணாகரன் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இதை நான் பதிவு பண்ணினா, நீங்க குடுத்த அத்தனை சான்றிதழும் ரத்தாகும். உங்க வேலை போகும். வழக்கும் வரும்.”

“தெரியும் சார். மறுபடி சோதனை வச்சுக் குடுங்க எல்லாருக்கும். ஆனா சுடலைக்கண்ணு அண்ணாச்சிக்கு அந்த ஆபத்து புரியல. புரியாதவர் மேல பதினாலாம் பிரிவு செல்லாது.”

ரெஜினால்ட் ஆட்சேபிக்கவில்லை. எதிர்ப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் தன் கோப்பில் ஏதோ ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து மேலே வைத்துக்கொண்டார்.

தட்டச்சு செய்த தாள் வந்தது. சுட்டியைக் கட்டிக்கொண்டு வாசித்தேன். ‘என்னுடைய விளக்கத்தின் காரணமாகவே சுடலைக்கண்ணு ஆபத்தின் தன்மையைத் தவறாக அறிந்தார்.’ எதிரே இருந்த சிறிய திரையில் என் நெற்றி தெரிந்தது. சிவப்பு.

ஒன்பது பச்சை வாங்கியவளுக்கு, தானே சொன்ன வாக்கியம் புரியவில்லை என்கிறது சுட்டி. மறுபடி வாசித்தேன். என்னால்தானா? பதில் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? இந்தத் தமிழை எழுதியவர் யார்? காத்தாடி போடாதவர்கள் யார்? ஆறாயிரம் பேரில் இன்னும் எத்தனை பேர் என் கதையை நம்பி எங்கே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்? வாக்கியத்தைத் தொட்டதும் இத்தனையும் கிளம்பின. மறுபடியும் சிவப்பு.

“கடைசி வாய்ப்பும்மா,” என்றார் கருணாகரன். “இதுலயும் வரலைன்னா நீங்க ஒண்ணும் சொல்லலைன்னுதான் நான் எழுத முடியும்.”

தாளை எடுக்க முடியவில்லை. அப்போது முத்துப்பேச்சி நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். என் தோளில் கை வைத்தாள்.

“டீச்சர், மனசுல கேள்வி வந்தா அடக்கிக்கிருங்க,” என்றாள். “கேள்வி கேக்காதிய. வெளக்கு எரியட்டும்.”

கேலிக்காகச் சொல்லவில்லை அவள். எனக்கு உதவி செய்தாள். நான் கற்றுக்கொடுத்ததைத்தான் எனக்குக் கொடுத்தாள். கண்ணை மூடினேன். குழியை மறந்தேன், அவர் முகத்தை மறந்தேன், ஆறாயிரம் பேரை மறந்தேன். ஒன்றும் இல்லாத ஒரு வெற்றிடத்துக்குப் போய் நின்றுகொண்டு, கண்ணைத் திறந்து அந்த வரியை வாய்ப்பாடு போல வாசித்தேன்.

பச்சை வந்தது.

முத்துப்பேச்சி என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கருணாகரன் முத்திரை வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான்.

ரெஜினால்ட் எழுந்தார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. “சார், ஒரு சின்ன விஷயம். மனுதாரரோட சட்ட அறிவுச் சான்றிதழும் இந்த மேடம் குடுத்ததுதான். அதே முகாம், அதே நாள்.”

கருணாகரன் தாளைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“என்ன சார்?” என்றாள் முத்துப்பேச்சி.

“உன் சான்றிதழ் இப்ப ரத்தாயிருச்சும்மா. சட்டப் பச்சை இல்லாதவங்க நேரடியா மனு போட முடியாது. போட்ட மனுவைக் காப்பாளர்தான் நடத்தணும்.”

“யாரு காப்பாளரு?”

கருணாகரன் ரெஜினால்டைப் பார்த்தார். ரெஜினால்ட் தரையைப் பார்த்தார். கணவன் இறந்துவிட்டால், அவன் கடைசியாக வேலை பார்த்த இடத்தின் நல அலுவலர். அந்த விதி எனக்குத் தெரியும். மதிப்பீட்டாளர் தேர்வில் அதை வாசித்தபோது முதல் வாய்ப்பிலேயே பச்சை வாங்கியவள் நான். முத்துப்பேச்சிக்கு நானே என் வாயால் விளக்கியும் இருக்கிறேன். அவள் சான்றிதழ் ரத்தாவதையும் அந்த விதியையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ரெஜினால்ட் சேர்த்துப் பார்த்து, பக்கத்தை எடுத்து மேலே வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“சார், அதே முகாம்லதான் அவளுக்கும் குடுத்தேன், ஆனா அவளுக்கு உண்மையிலேயே புரியும் சார்,” என்று கத்தினேன். “இப்பவே சோதிச்சுப் பாருங்க!”

“ஆறு மாசம் கழிச்சுத்தான் மறுசோதனைம்மா. விதி.”

காப்பாளராக ரெஜினால்ட் கேட்டுக்கொண்டபடி, மனுவைத் திரும்பப் பெற ஒப்புதல் என்று ஒரு தாள் தயாரானது. அதுவும் முதலில் அவளிடம்தான் போக வேண்டும். அவளுக்குப் புரிந்து பச்சை வந்தால் அவளே கையெழுத்திடலாம். மூன்று முறையும் வராவிட்டால் காப்பாளர். சுட்டியை அவள் நெற்றியில் கட்டினார்கள். குங்குமம் இல்லாத நெற்றி.

எழுத்தர் வாசித்தார். ‘மனுதாரர் தம் மனுவை மனமுவந்து திரும்பப் பெறுகிறார்.’

“ஏன் குழிக்குக் காத்தாடி போடல?” என்றாள் முத்துப்பேச்சி. சிவப்பு.

எழுத்தர் மறுபடி வாசித்தார்.

“எனக்குப் புரியல சார். அவிய செத்தது யாரு தப்பு? டீச்சர் தப்புன்னா, டீச்சர வேலைக்கு வச்சது யாரு?” சிவப்பு.

“அம்மா, தாள்ல இருக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா,” என்றார் கருணாகரன்.

மூன்றாவது முறை வாசித்தார்கள். முத்துப்பேச்சி ரெஜினால்டைப் பார்த்தாள். “நீங்க ஒரு தடவ அந்தக் குழியில எறங்கிப் பாத்துருக்கியளா?”

சிவப்பு. அந்த அறையில் அன்று எல்லாம் புரிந்திருந்த ஒரே ஆள் அவள்தான் என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் என் சத்தியத்துக்கு இனி மதிப்பு கிடையாது.

சுட்டியைக் கழற்றி ரெஜினால்டிடம் கொடுத்தார்கள். அவர் அதைக் கட்டிக்கொண்டு முதல் வார்த்தையைப் படித்தார். பச்சை வந்தது. கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை சீல் உடைக்கலாம் என்று உத்தரவு எழுதப்பட்டது.

*

வெளியே வெயில் கொளுத்தியது. நாங்கள் இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அவள் என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்தேன். பேசினாள்.

“டீச்சர், அவிய அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு கேட்டாவன்னு உள்ள சொன்னியளே. என்னது அது?”

“அந்தக் காத்து எத்தனை நேரம் தங்கும்னு கேட்டார்.”

“எத்தன நேரம் தங்கும்?”

“எத்தனை நாளானாலும் தங்கும் பேச்சி. வெயில் அடிச்சாலும் வத்தாது. காத்தாடி வச்சு வெளிய தள்ளுனாத்தான் போகும். தானா போகாது.”

அவள் அதைக் கேட்டு, மெதுவாகத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தம்பிக்குச் சொல்வதற்காக மனப்பாடம் செய்கிறாள் என்று தெரிந்தது. தூரத்தில் பேருந்து திரும்புவது தெரிந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். “இத அன்னைக்கே சொல்லிருக்கலாமே டீச்சர்.”